பக்கத்து சீட்டு பிரேக்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அத்தானிடம் படித்துக் காட்டாதே: நேற்று மனநல டாக்டரின் காலை மிதித்துவிட்டேன்.

அந்தம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு விரலை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டினார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். கூடவே அந்த விபத்தையும் நினைக்க வேண்டும். பயம் தெளிய இப்படி ஒரு சிகிச்சையாம். நினைத்தேன். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. என்னிடம் டிரைவிங் படிக்க வந்த பெண் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்தினாள். அவ்வளவுதான், என் கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் போய் டாக்டரின் பாதத்தில் ஏறி நின்றது. சொல்லிக்கொடுப்பவன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் வண்டியிலேயே காலம் தள்ளிய கால், வேறென்ன செய்யும்?

"அன்னைக்கு இந்தக் கால் இவ்ளோ வேகமா வரலையே டாக்டர்" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன், அழுகை வந்துவிட்டது.

அவர் செருப்பைச் சரிசெய்துகொண்டு, "இப்ப என்ன தோணுது?" என்றார்.

மாசக் கடைசிக்குள் நான் பயிற்சி வண்டியில் ஏறாவிட்டால் முதலாளி என் சீட்டில் வேறு ஆளை உட்கார வைப்பாராம். அப்புறம் எனக்கு ஆபீஸில் போன் எடுக்கும் வேலைதான்.

உன் தம்பி

மார்ச் 11

அருமைத் தம்பிக்கு,

அத்தானிடம் படித்துக் காட்டினேன். சிரித்துப் புரையேறியது. "விரல ஆட்டுனா சரியாயிடுமா?" என்கிறார். காரை எந்தத் தெருவில் நிறுத்தினோம் என்று தெரியாமல் நடந்தே வீடு வந்த மனிதர். நீ காதில் வாங்காதே.

அந்தப் பெண் விபத்தில் உடைந்த கை குணமாகி ஸ்கூட்டரில் பறக்கிறாள் என்று நீயே எழுதினாய். நீ மட்டும் ஏண்டா இன்னும் லாரிக்குப் பின்னாலேயே நிற்கிறாய்? பாதியில் விட்டுவிடாதே. அந்தம்மாவை ஷூ போட்டுக்கொள்ளச் சொல்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

டாக்டர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். விரல் போகிறது, வருகிறது. லாரி அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் தூரத்தில், சின்னதாக. போன வாரம் யாரும் சொல்லித்தராமல் என் வாயில் வந்தது: "லேட்டானாலும் மிதிச்சேன். அதனாலதான் ரெண்டு பேரும் இருக்கோம்."

இன்று பயிற்சி வண்டியில் ஏறினேன். பக்கத்தில் புதிதாகப் படிக்கச் சேர்ந்த பேக்கரிக்காரர், ஸ்டியரிங்கை மாவு பிசைவது போலப் பிடித்திருந்தார்.

"பயமா இருக்கு சார்."

"எனக்கும்தான் சார். கண்ணாடியப் பாருங்க."

அரை மணி நேரம். கால் ஒரு தடவைகூடத் துள்ளவில்லை. இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கு" என்றார். திங்கட்கிழமை வகுப்புக்கு முதலாளி என் பெயரைப் போர்டில் எழுதிவிட்டார்.

உன் தம்பி

பி.கு.: வண்டி நின்ற இடத்தை விட்டு இன்னும் கிளம்பவில்லை. சாவி முழு நேரமும் முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது.