நேராக்கி வைத்த சீட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று சீட்டுப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். கடைசியாக வந்தது பாங்கில் வேலை பார்க்கும் அந்த அம்மா, என் கணக்கில் பாங்க் அம்மா. பத்து நாளில் இது மூன்றாவது தடவை. வேலையை விடுவதா வேண்டாமா என்ற அதே கேள்வி. விடவும் மாட்டாள், என்னைக் கேட்காமல் இருக்கவும் மாட்டாள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவள் படியேறுவதைப் பார்த்துவிட்டு, "உங்க நிரந்தர நோயாளி வந்தாச்சு" என்று எனக்குக் குரல் கொடுத்தார். மனுஷனுக்குக் கொழுப்பு.

அவளுக்கு வந்த சீட்டு ஹை பிரீஸ்டஸ். அது அச்சில் இருக்கும் பெயர். நான் வைத்த பெயர் மௌனக்காரி. ஒரு பக்கம் கறுப்புத் தூண், மறு பக்கம் வெள்ளைத் தூண், நடுவில் நீல அங்கி போட்டு உட்கார்ந்திருப்பாள். பின்னால் மாதுளம்பழம் வரைந்த திரை. காலடியில் பிறை. மடியில் ஒரு சுருள், அதில் பாதி அங்கிக்குள் மறைந்திருக்கும். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காதவள். உள்ளுணர்வுக்கு உரிய சீட்டு. என் மாதிரி டாரட் சீட்டில் குறி பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு இவள் பெரிய உபகாரி. என்ன சொல்வதென்று தெரியாத நாளில் இவள் வந்தால் போதும், கேள்வியை வந்தவர் தலையிலேயே கட்டிவிடலாம். "விடை உங்களுக்குள்ளயே இருக்கும்மா. மனசு என்ன சொல்லுது?" பாங்க் அம்மா கண் கலங்கினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

உண்மையில் சீட்டு தலைகீழாகத்தான் வந்தது. தலைகீழாக வந்தால் அர்த்தமும் கவிழ்ந்துவிடும்: உள்ளே ஒரு குரல் கத்துகிறது, நீ காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாய். அதைச் சொல்லி யாரைப் பயமுறுத்துவது? கவிழ்ந்து கிடக்கும் படத்தைப் பார்த்தாலே வந்தவர்களுக்கு முகம் செத்துவிடுகிறது. புரட்டும்போதே ஓரத்தில் தெரிந்துவிடும். மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் சீட்டு நேராக விழும். பதினொரு வருடப் பழக்கம். கை தானாகச் செய்துவிடுகிறது.

மார்ச் 6, வியாழன்

தங்கச்சி வந்தாள். எட்டாம் மாதம். படியேறி வந்ததும் மூச்சு வாங்க என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், நான் கஸ்டமர் நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. "சீட்டைப் பாத்துச் சொல்லு, பொண்ணா பையனா?" என்றாள். "ஸ்கேன்காரனே சொன்னா ஜெயில்டி, என்னையும் உள்ள தள்ளாதே" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது, என் உள்ளங்கையில் பட்டது. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அம்மா போனபோது இவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்து கொடுத்தது வரை எல்லாம் நான்தான். அந்த உதையை நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே தங்கச்சி வந்துவிட்டாள். முகம் சரியில்லை.

"நேத்துலேர்ந்து என்னமோ மாதிரி இருக்குக்கா. அசைவு கம்மியா தெரியுது."

சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டாளாம். இடது பக்கம் படுத்தாயா? படுத்தாளாம். அப்படியானால் ஆஸ்பத்திரிக்குப் போவதுதானே என்றேன். அவள் தயங்கினாள். போன மாதம் இதே மாதிரி ஓடிப்போய், மூன்று மணி நேரம் உட்கார வைத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "அந்த நர்ஸ் என்னைப் பாத்துச் சிரிச்சாக்கா. மொத பிள்ளைல்ல, அப்படித்தான்னு. மறுபடி போய் நிக்க வெக்கமா இருக்கு. நீ ஒரே ஒரு சீட்டு எடு. அது போன்னு சொன்னா போறேன்."

எடுத்தேன். மௌனக்காரி.

திரையில் இருக்கும் மாதுளம்பழங்களைக் காட்டினேன். கருவைக் குறிக்கும் பழம். திரைக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்கிறது. பிறை—நாள் இன்னும் நிறையவில்லை. அவள் எப்படி அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள் பார். உள்ளே இருப்பதும் அப்படித்தான், வளருகிற பிள்ளை தூங்கத்தானே செய்யும் என்றேன். தங்கச்சி அழுதேவிட்டாள், நிம்மதியில். போகும்போது அவளே கிண்டலாகச் சொன்னாள்: "உன்னை மாதிரியே சோம்பேறியா இருக்கும்போல."

நல்லபடியாகப் பேசி அனுப்பினேன். சந்தோஷம்.

மார்ச் 12, புதன்

போனில் கேட்டேன். "ஒரு தடவை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். "பாத்தியா?" என்றேன்.

மார்ச் 13, வியாழன்

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். அவர்தான் பிடிவாதமாக அழைத்துப் போயிருக்கிறார். "அக்கா, இதயத்துடிப்பு இல்லங்கறாங்க." நான் மறுபடி பார்க்கச் சொன்னேன். "மூணு பேர் பாத்துட்டாங்கக்கா."

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. காலில் வெவ்வேறு செருப்பு.

மார்ச் 14, வெள்ளி

பெற்றுத்தான் ஆகவேண்டுமாம். வலி வர மருந்து கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுகிறது. தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். என் கையை விடவில்லை. கடவுளே, என் கையை.

மார்ச் 15, சனி

பெண். தலை நிறைய முடி. விரல் நகமெல்லாம் இருந்தது.

டாக்டரிடம் மாப்பிள்ளை கேட்டார், இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் என்று. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் போயிருக்கிறது என்றார் டாக்டர். "வந்திருந்தா உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்திருப்போம். பொழைச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது." நல்ல மனுஷி. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் குழந்தையைத் தூக்கினேன். கனமாக இருந்தது. இவ்வளவு கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அவளுக்குப் பால் கட்டிக்கொண்டுவிட்டது. ஜாக்கெட்டெல்லாம் நனைந்து... உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டேன். "உடம்புக்குத் தெரியலக்கா" என்றாள் அவளே. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

பதினொன்றாம் தேதி எழுதியதை இன்று எடுத்துப் படித்தேன். ஒன்றை விட்டிருக்கிறேன். மறந்துபோய் விட்டது அல்ல. தெரிந்தே விட்டது.

சீட்டு தலைகீழாக வந்தது.

கை திருப்பிவிட்டது. கை என்ன கை? நான். நான்தான் திருப்பினேன். பாங்க் அம்மாவுக்குச் செய்த அதே வேலையை என் கூடப் பிறந்தவளுக்கும் செய்தேன். பயந்துடுவான்னு. புள்ளத்தாச்சி பயப்படக் கூடாதுன்னு. அய்யோ, பயந்திருந்தா போயிருப்பாளே! பயந்து ஓடியிருப்பாளே! நர்ஸ் சிரிச்சிருந்தா சிரிச்சுட்டுப் போறா!

நேராக வைத்தபிறகாவது ஒழுங்காகப் படித்தேனா? அந்தச் சீட்டுக்கு ஒரே ஒரு பொருள்தான், எதைச் சொன்னாலும் அதில்தான் வந்து முடியும்: உள்ளே என்ன தோன்றுகிறதோ அதைக் கேள். ஊரில் எல்லோரையும் "உங்க மனசு என்ன சொல்லுது" என்று கேட்ட வாய் இது. அவளை மட்டும் கேட்கவில்லை. நான் கேட்காமலே அவள் சொன்னாள், "என்னமோ மாதிரி இருக்கு" என்று. நான் மாதுளம்பழத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

தங்கச்சியைப் பார்க்க அவள் ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களிடம் அவள் சொன்னது இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது. "எங்கக்கா சீட்டுகூடப் பாத்தா. அமைதின்னுதான் வந்துச்சு. அப்போ யாருக்குமே தெரிஞ்சிருக்க வழியில்ல, இல்லையா?"

இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். இதைப் பிடித்துக்கொண்டுதான் நாலு வாய் சாப்பிடுகிறாள்.

சொல்லவா? சொன்னால் அந்தப் பிடிமானம் போய்விடும். சொல்லாவிட்டால்—ஆயுசுக்கும் தன் மனசு தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஏமாற்றியது அவள் மனசு இல்லையே.

ஏப்ரல் 2, புதன்

இன்று சொல்லிவிடலாம் என்று போனேன். துணி மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தொடைநடுங்கி.

ஏப்ரல் 9, புதன்

சொன்னேன்.

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சீட்டு தலைகீழாக வந்ததையும், நான் திருப்பி வைத்ததையும், தலைகீழ் என்றால் என்ன பொருள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நகவெட்டியைக் கீழே வைத்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை.

"சீட்டை விடு. நேரா இருந்தா என்ன, குப்புற இருந்தா என்ன? அது காகிதம்." வெட்டிய நகங்களைக் கையால் கூட்டி ஒதுக்கினாள். பிறகு, "அன்னைக்கு என் மடியில ஒரு பேப்பர் இருந்துச்சே, பாத்தியா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கோடு போடச் சொல்லியிருந்தார்கள். எட்டாம் தேதிக் கட்டத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒன்பதில் குறைவு. பத்தாம் தேதி முழு நாளுக்கும் நான்கு. பதினொன்றாம் தேதி, என்னிடம் வருவதற்கு முன்னால், ஒன்று. ஒன்றே ஒன்று.

"உன்கிட்ட காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன். நீ கையை நீட்டவே இல்ல. பழத்தைப் பாரு, நிலாவைப் பாருன்ன. சரி, அக்காவுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிஞ்சிடப் போகுதுன்னு மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டேன்."

மன்னிச்சுடுடி என்றேன். இல்லை, அதைக்கூட முழுசாகச் சொன்னேனா என்று நினைவில்லை.

"எனக்குத் தெரியல, யாருக்குமே தெரியலங்கறது ஒண்ணுதான்க்கா எனக்கு இத்தனை நாளா ஆறுதல். இப்போ எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்ல வந்திருக்க." குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சும் உக்காந்திருந்தேன்னு ஆயிடுச்சு. போக்கா. கொஞ்ச நாளைக்கு வராத."

நான் எனக்காகத்தான் சொன்னேனோ? என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேனோ?

ஏப்ரல் 10, வியாழன்

போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்தார். "நல்லா இருக்காக்கா" என்றார். அதற்கு மேல் அவரும் என்ன சொல்வார்.

மே 5, திங்கள்

பாங்க் அம்மா வந்தாள். தலைகீழாக வந்த சீட்டைத் தலைகீழாகவே வைத்தேன். "என்னம்மா இப்படி வந்திருக்கு?" என்று பதறினாள். "வேலையை விடணும்னு உங்களுக்கு ஒரு வருஷமா தெரியும். என்கிட்ட எதுக்கு வர்றீங்க?" என்று கத்திவிட்டேன். பாவம், குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டுச் சீட்டுக்கட்டை மேசை இழுப்பறையில் போட்டேன். எரிக்க வேண்டும், கிழிக்க வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. காகிதம்தானே.

ஜூன் 16, திங்கள்

மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். கண்ணாடிக் கடைக்காரர் கீழேயே வேலை கொடுத்திருக்கிறார். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, "இது தெரியுதா? இது?" என்று கேட்க வேண்டும். தெரிந்தால் தெரிகிறது என்கிறார்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். இதுதான் வேலை என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு.

செப்டம்பர் 3, புதன்

தங்கச்சியைச் சாலையில் எதிரே பார்த்தேன். நின்றாள். "இளைச்சுட்டியே" என்றாள். "நீயும்தான்" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாள். ஏறியபிறகு கையசைத்தாளா, கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாளா, தெரியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

மாப்பிள்ளை கடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பி கழன்றுவிட்டதாம். வேறு கடை கிடைக்காமலா இவ்வளவு தூரம் வந்தார்? திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன், அவர் கல்லாப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆறாம் மாசம்க்கா."

திருகாணி கையிலிருந்து விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம். அவர்தான் கண்டெடுத்தார்.

"உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டா. நான் சொன்னதா காட்டிக்காதீங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

"ஏன் வேண்டாம்னா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நானும் கேட்டேன். சொல்ல வேண்டாம்னு தோணுது, அவ்வளவுதான்னா. அதுக்கு மேல எதுவும் சொல்லல." பிறகு அவரே, சமாதானம் மாதிரி, "போகப் போகச் சரியாயிடுவா. நான் வேணும்னா பேசிப் பாக்கவா?" என்றார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. அவளுக்குத் தோணினதை மாத்தப் பாக்காதீங்க. எதுவா இருந்தாலும்."

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். அசைவெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். வாசல் வரை கூடவே போனேன். கேட்கவில்லை.