லப்பம் பூசிய கதவு

பிரேசர் டவுன், பெங்களூர்
4 பிப்ரவரி 2003

அன்புள்ள ரெமிக்கு,

மம்மியின் ஆசீர்வாதம். சிந்து தமிழ்ப் பள்ளியில் முதலாவதாக வந்தாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அவளே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நீ ஏற்பாடு செய்த நரேஷ் வந்தான். இடிக்கப்போகும் பங்களாக்களை வீடியோ படம் பிடிப்பதுதான் தொழிலாம். மரியாதை தெரிந்தவன், செருப்பை வெளியே கழற்றினான். வீட்டை ப்ரமோட்டருக்குக் கொடுக்க நான் மறுக்கவில்லை. சுண்ணாம்பும் செங்கல்லும் போனால் போகட்டும். படத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஜன்னல்களின் மேலுள்ள மங்கி டாப் மரக்கூம்பு, டாடியின் பியானோ, சமையலறைப் புகைக்கூண்டு எல்லாம் எடுத்தான்.

நான் ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள், வாசல் கதவின் பிளவில் லப்பம் அடைத்து, மேலே பச்சை பெயின்ட் பூசிவிட்டான். இத்தனை வருடமாக நான் அடைக்காமல் விட்ட பிளவு. கேட்டால், "பேஜார் பண்ணிக்காதீங்க ஆன்ட்டி. சாரே போன் பண்ணாரு. கதவ சரி பண்ணிட்டு அப்புறம் ஷூட் பண்ணுன்னாரு" என்கிறான்.

உண்மையா? போனில் கூப்பிடாதே. எழுது.

உன் மம்மி,
யூனிஸ்

*

மெல்போர்ன்
19 பிப்ரவரி 2003

அன்புள்ள மம்மிக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரை அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

உண்மைதான். நான்தான் சொன்னேன். தாத்தா நெஞ்சு வலியில் போனார் என்றுதான் சிந்துவிடம் சொல்லியிருக்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளை, மம்மி. அவளுடைய உயிர்த்தோழி வீணா கன்னடப் பெண். இந்தப் படத்தைப் பார்த்து, நம் வீடு அழகான வீடு என்று சிந்து நினைக்கட்டும். நடந்தது நடந்துவிட்டது. அந்தப் பிளவைக் காட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

பத்திரத்தில் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ப்ரமோட்டர் அவசரப்படுத்துகிறார்.

அன்பு மகன்,
ரெமிஜியஸ்

*

பிரேசர் டவுன்
6 மார்ச் 2003

ரெமிக்கு,

மாத்திரைக்கு நன்றி.

நீ அப்போது மஸ்கட்டில் இருந்தாய். நாங்கள் தரையைக் கழுவி முடித்த பிறகு வந்து சேர்ந்தாய். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

91 டிசம்பர், காவேரிக் கலவரம். மத்தியானச் சாப்பாடு மேஜையில் இருந்தது. தெருமுனைத் தமிழ்க் கடையைக் கொளுத்திவிட்டு வந்தார்கள். என்னையும் வேலைக்கார வனஜாவையும் ஸ்டோர் ரூமில் தள்ளிவிட்டு, டாடி முதுகைக் கொடுத்து வாசல் கதவை அடைத்து நின்றார். கோடாரியின் முதல் வெட்டு பலகையைப் பிளந்தது. அடுத்தது உள்ளே வந்து அவர் கழுத்தில் இறங்கியது. வெளியிலிருந்து இழுத்தார்கள், தேக்கிலும் எலும்பிலும் மாட்டிக்கொண்டு கோடாரி வரவில்லை. ஆணியில் மாட்டிய கோட்டு மாதிரி அவர் நின்றதை ஸ்டோர் ரூம் இடுக்கில் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. ஒருவழியாகக் கோடாரியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மதில் ஏறிக் குதித்து அவரைத் தூக்கியவர் பக்கத்து வீட்டு கோவிந்தப்பா. அவரும் கன்னடக்காரர்தான். வீணாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

நேற்று அவரிடமே கோடாரி கேட்டேன். "யாக்கம்மா, எதுக்கு? விறகு உடைக்கவா?" என்றார்.

"கதவு" என்றேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்.

நரேஷைக் கேமரா வைக்கச் சொல்லி நானே வெட்டினேன். கை மரத்துப்போகும் வரை வெட்டினேன். லப்பம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. பச்சைக்குக் கீழே டாடியின் ரத்தம் கறுப்பாக அப்படியே இருந்தது. "சாகு ஆன்ட்டி, போதும் ஆன்ட்டி" என்று கன்னடத்திலும் தமிழிலுமாக நரேஷ் அழுதான். கேமரா ஆடக்கூடாது என்று அதட்டினேன்.

கேசட் தனியாக வருகிறது. சிந்து பார்த்துவிட்டாள் என்று எழுது. அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

யூனிஸ்

*

மெல்போர்ன்
28 மார்ச் 2003

அன்புள்ள மம்மிக்கு,

கேசட் வந்தது. தனியாகப் பார்த்தேன். கோடாரியை ஓங்குவது நீங்கள் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் படத்தை நிறுத்திவிட்டேன்.

சிந்து பள்ளியிலிருந்து வருவதற்குள், அதன்மேலேயே அவளுடைய பழைய பிறந்தநாள் படத்தைப் பதிவு செய்துவிட்டேன். இப்போது அந்தக் கேசட்டில் அவள் கேக் வெட்டுகிறாள்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அவளை விட்டுவிடுங்கள்.

ரெமி

*

பிரேசர் டவுன்
14 ஏப்ரல் 2003

அன்புள்ள சிந்துவுக்கு,

வீட்டு முகவரிக்கு எழுதினால் உன் கைக்கு வராது. அதனால் தமிழ்ப் பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன். கூடவே ஒரு கேசட்டும் இருக்கிறது. உன் டாடி அழித்தது நகல்தான். மூலம் நரேஷிடம் இருந்தது.

உன் டாடி இனி என்னிடம் கேட்க எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை வீட்டை இடிக்கிறார்கள்.

உன் தாத்தாவுக்கு நெஞ்சில் ஒரு வலியும் இருந்ததில்லை. வாசல் கதவைத் திறக்கவிடாமல் நின்றதற்காக அவரை வெட்டிக் கொன்றார்கள். உள்ளே நான் இருந்தேன். அதனால்தான் இன்றைக்கு உனக்கு எழுத முடிகிறது.

உன் டாடி உன்மேல் உள்ள அன்பினால்தான் பொய் சொன்னான். எனக்கு அது தெரியும். இருந்தும் மன்னிக்க மனம் வரவில்லை. இனி அவனுக்கு எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு கோவிந்தப்பா முகவரிக்கு நீ எழுதினால் பதில் போடுவேன்.

படத்தை வீணாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார். கடைசியில் கோடாரி விழும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதே.

அடிப்பது நான்தான்.

உன் பாட்டி,
யூனிஸ்