மூன்று நொடி மரங்கள்

ஸ்டுடியோ,
செவ்வாய்க்கிழமை மதியம்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீ அங்கே சுகமாக இருப்பதாக உன் கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறாய். ஒரு முறை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் முன்னால் நான் பயப்படக் கூடாது என்று உத்தரவு. பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ளுமாம். அதனால் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆற அமரப் பயந்தபடி எழுதுகிறேன்.

நீ எழுதிய விஷயத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சறுக்குப் பலகை வாடகைக் கடையில் வருகிறவர்களுக்குப் பூட்ஸ் மாட்டிவிடும் உன்னை, பனிச்சறுக்குப் பயிற்சித் தலைவர் மேலே சரிவில் படம் எடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டது. புதிதாகக் கற்கிறவர்கள் சறுக்குவதை நீ கூடவே போய் எடுத்துக் காட்டினால், தங்கள் தப்பைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள் என்பது. ஆனால் கேமரா உன்னுடையதாக இருக்க வேண்டும், அதுவும் சுற்றுலாக் கூட்டம் வரும் மாதத்துக்குள் வேண்டும் என்பது. அம்மா தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. "வாங்கி அனுப்புங்க, இதுல என்ன யோசனை?" என்றாள். பள்ளிக்கூடப் பைக்கு வார் தைக்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

எனக்கு யோசனை இருக்கிறது. நீ சறுக்கக் கற்றுக்கொண்டே ஒரு வருடம்தான் ஆகிறது.

இருந்தாலும் நேற்று பழைய கேமரா கடைக்குப் போனேன். நம் லென்ஸ் மாமா இன்னும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார். அங்கே மலையில் புதுக் கேமரா விற்பதாக நீ எழுதிய விலையைக் கேட்டுவிட்டு, அந்த விலைக்கு என்னையே வாங்கிக்கொண்டு போகலாமே என்றார். பிறகு நாலு கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது பெரியது. பழைய மாடல், விலை பரவாயில்லை, தூரத்தில் இருப்பதையும் பக்கத்தில் காட்டும். ஆனால் கண்ணை அதில் வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். அதை நான் தொடவே இல்லை. ஏன் என்று மாமா கேட்டார். சொல்லவில்லை. இரண்டாவது குச்சியில் மாட்டிப் பிடிப்பது. பிடித்தால் ஒரு கை போச்சு. மூன்றாவதை ஹெல்மெட் மேல் மாட்டுவார்களாம், அதுதான் இப்போது எல்லாரும் வாங்குவதாம். விழுந்தால் அந்தக் கட்டை மண்டையில் குத்தாதா என்று கேட்டேன். "நீ கேமரா வாங்க வந்தியா, அழ வந்தியா?" என்றார்.

நாலாவது சோப்புக்கட்டி அளவு. இரண்டு வருடத்துக்கு முந்தைய மாடல், ஒருவர் மட்டும் வைத்திருந்தது. பொத்தான் பெரியது, கையுறையோடு அமுக்கலாம். ஈரம் உள்ளே போகாது, ஆட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். விலையும் நம் கைக்கு அடக்கம். ஒரே ஒரு குறை. அதன் லென்ஸ் மிக அகலம். செங்குத்தான சரிவைக்கூட மைதானம் மாதிரி தட்டையாகக் காட்டும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

மாத முடிவு வரை மாமா அதை எடுத்து வைத்திருப்பார். அதற்குள் நீ ஒன்று செய். உன் போனிலேயே, ஒருவர் பின்னால் சறுக்கிக்கொண்டு ஒன்றரை நிமிடம் எடுத்து அனுப்பு. உனக்கு எது சரிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன். அந்தச் சரிவின் ஓரத்தில் வலை கட்டியிருக்கிறார்களா? நீ விழுந்தால் பார்க்க யாராவது இருக்கிறார்களா? இதற்கும் பதில் எழுது.

முன்பெல்லாம் பார்த்து நட என்று எழுதி முடிப்பேன். பார்த்துச் சறுக்கு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பார்த்து இரு.

உன் அப்பா


ஸ்டுடியோ,
வெள்ளிக்கிழமை காலை

வாலு,

ஒரு வாரத்துக்கு மேல் காக்க வைத்து உன் வீடியோ வந்தது. நன்றாக எடுத்திருக்கிறாய். முன்னால் போகிற சிவப்புச் சட்டைக்காரியைப் படத்துக்குள்ளேயே வைத்திருக்கிறாய், அவசரப்பட்டு இப்படியும் அப்படியும் திருப்பவில்லை. ஐம்பத்திரண்டாவது நொடி வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஐம்பத்திரண்டாவது நொடியில் மரங்கள் வருகின்றன. பனி மூடிய மரங்கள், மூன்று நொடி. பிறகு மறுபடியும் சிவப்புச் சட்டை.

யார் காதில் பூச்சுற்றுகிறாய்? இருபத்தெட்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறேன். பந்தியில் தட்டோடு வழுக்கி விழுந்த பெரியப்பாக்கள், மேடைப் படியில் தடுக்கிய மாப்பிள்ளைகள், எத்தனை பேரை நான் வெட்டியிருக்கிறேன்! வெட்டிய இடத்தில் மூன்று நொடி பூ அலங்காரத்தைக் காட்டுவேன். என் வீடியோவில் இதுவரை ஒருவரும் விழுந்ததில்லை. நீ ஆறு வயதில் இதே மேசையில் என் மடியில் உட்கார்ந்து, "ஏம்பா திடீர்னு பூவைக் காட்டுறீங்க?" என்று கேட்டாய். பூ வந்தால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்றேன். அதற்குப் பிறகு யார் வீட்டுக் கல்யாண வீடியோ ஓடினாலும், பூ வந்ததும் "விழுந்தாச்சு!" என்று கத்தி என் மானத்தை வாங்குவாய்.

விழுந்தாச்சு, இல்லையா?

மரம் வருவதற்கு முன்னால் பாதையோரக் கம்புகளின் நிழல் குட்டையாக இருக்கிறது. மரம் போன பிறகு நிழல் நீளமாகிப் பாதையின் பாதிவரை வந்துவிட்டது. திரையில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரமாவது இருக்கும். முன்பாதியில் உன் மூச்சு சீராகக் கேட்கிறது. பின்பாதியில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிறாய். பெற்றவனுக்கு அது தெரியாதா?

அந்த முக்கால் மணி நேரம் நீ எங்கே இருந்தாய்? நேற்று முழுவதும் இதே கேள்விதான். ஒரு கல்யாணத்தை முடித்துக் கொடுக்க வேண்டும், கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று நொடி மரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் பின்னால் நீ தெரிவாய் என்பது போல. தனியாகக் கிடந்தாயா? கூப்பிட்டாயா? யாருக்காவது கேட்டதா? அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. லென்ஸ் மாமாவிடம் போய், அந்தக் கேமராவை எனக்காக வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கண்ணை வைத்து எடுக்கும் கேமராவை ஏன் தொடவில்லை என்று உனக்காவது சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்கு ஐந்து வயது. வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் சைக்கிள் பழகினாய். நான் ஒரு கோடியில் நின்று கேமராவில் கண்ணை வைத்திருந்தேன். நீ என்னைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தாய். வழியில் ஒரு கல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன் வாலு. படத்தில் ஒரு கல் இருக்கிறது என்று பார்த்தேன். உன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல் இருக்கிறது என்று பார்க்கவில்லை. நீ விழுந்தாய். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அது முடியவே இல்லை. பிறகு கேமராவைப் போட்டுவிட்டு ஓடிவந்து உன்னைத் தூக்கினேன். உன் தாடையில் இருக்கும் தழும்பு அதுதான். மூன்று தையல்.

வீட்டில் இருக்கும் டேப்பில் அந்த இடத்தில் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு காக்கை வரும். அதற்குப் பிறகு, அடுத்த மாதம் நீ ஜம்மென்று வட்டமடித்து ஓட்டுவது வரும். பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம், "விழாமலே கத்துக்கிட்டாளே!" என்றார்கள். நானும் தலையாட்டினேன். வெட்டாத டேப் ஸ்டுடியோ அலமாரியில் இருக்கிறது. ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

நீ படம் எடுத்துக்கொண்டே சறுக்கப் போகிறாய். உனக்கும் கல் தெரியும். படத்தில் தெரியும். அதுதான் என் பயம். வேறு ஒன்றும் இல்லை.

வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ எவ்வளவு ஆசைப்படுகிறாய் என்று தெரிகிறது. ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுது. எழுதாமல் கேமரா வராது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பயத்தில் எழுதுகிறேன்.

அப்பா


வீடு,
திங்கட்கிழமை

அன்பு மகளே,

இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பெட்டியில் கேமரா இருக்கிறது. அவசரப்பட்டுக் குதிக்காதே, முட்டிக்கு ஆகாது. முதலில் படி.

போன வாரம் உன் பதில் வீட்டுக்கு வந்ததால் அம்மா பிரித்துவிட்டாள். நான் வந்தபோது என்னிடம் நீட்டி, உட்கார்ந்து படிங்க என்றாள். போன் திரையைப் பார்த்துக்கொண்டே போனதில் உன் பலகையின் நுனி ஓரத்து மெத்தைப் பனியில் சிக்கியது. முட்டி திருகி நீ பாதையை விட்டு வெளியே விழுந்தாய். ஒரு பலகை கழன்று கீழே போய்விட்டது. சிவப்புச் சட்டைக்காரி கீழே போய்த் திரும்பிப் பார்த்து, நீ இல்லை என்று தெரிந்து மேலே வரும்வரை படுத்தே இருந்தாய். முட்டியில் கட்டுப் போட்டார்கள். இவ்வளவும் படித்துத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கட்டோடு மறுபடியும் மேலே போய் மிச்ச வீடியோவை எடுத்து முடித்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

நீ விழுந்தது அம்மாவுக்கு முன்பே தெரியுமாம். போனில் முகம் பார்த்துப் பேசியபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாளாம். எனக்குச் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் அவளுக்குச் சொல்லவில்லை. நீ எங்கள் இருவருக்கும் சொல்லவில்லை. நல்ல குடும்பம்!

கடைசியில் நீ கேட்டிருந்தாய், அந்தக் காக்கை வரும் இடத்தில் வெட்டியதை அனுப்பச் சொல்லி. இரண்டு நாள் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை சில்லென்று இருந்தது.

நீ வருகிறாய். கல் வருகிறது. விழுகிறாய். நான் எடுத்துக்கொண்டே நின்றது நாலு நொடி. இத்தனை வருடமாக அதை எவ்வளவோ நேரம் என்று நினைத்திருந்தேன். பிறகு படம் புரண்டு தரையில் விழுகிறது. கேமரா நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. பாதிப் படம் புல், மேலே ஒரு மூலையில் நீ. என் செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் இன்னும் வந்து சேரவில்லை. நீ கையை ஊன்றி எழுந்திருக்கிறாய். பாவாடையால் தாடையைத் துடைக்கிறாய். குனிந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்துகிறாய். அதற்குப் பிறகுதான் என் கால்கள் படத்துக்குள் வருகின்றன.

நான்தான் தூக்கினேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ நின்றுகொண்டிருந்தாய். விழுந்த இடத்தில் வெட்டினேன் அல்லவா, நீ எழுந்ததையும் அதோடு சேர்த்து வெட்டிப் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா, "போய்க் கேமராவை வாங்கிட்டு வாங்க" என்றாள். லென்ஸ் மாமா அதை விற்கவே இல்லை. நான் வருவேன் என்று தெரியுமாம்.

நாலாவது கேமராதான், அந்தச் சோப்புக்கட்டி. கையில் பிடிக்காதே, கண்ணுக்குக் கொண்டுபோகாதே. நெஞ்சில் மாட்டிக்கொள். அதற்கென்று விற்கும் பட்டை அநியாய விலை. அம்மா பை வாரில் தைத்திருக்கிறாள், விழுந்தால் குத்தாமல் இருக்கப் பின்னால் பஞ்சு வைத்திருக்கிறாள். அவள் பைகளுக்கு இரண்டு தையல்தான் போடுவாள். இதற்கு எண்ணிப் பார்த்தேன், நாலு. பயமே இல்லாதவள் என்று நாம் சொல்கிறோம். நான் எண்ணினேன் என்று அவளிடம் சொல்லாதே.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். ஒன்று அதிகமாக வைத்திருக்கிறேன், உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். பனியைப் படத்தில் சாம்பலாகக் காட்டும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவை. பொத்தானை மேலேயே அமுக்கிவிட்டுப் புறப்படு. அதற்குப் பிறகு கேமரா இருப்பதையே மறந்துவிடு. படம் கோணலாக வந்தால் வரட்டும், நான் இங்கே நேராக்கிக்கொள்கிறேன். நீ பாதையைப் பார். முட்டியைப் பரிசோதித்தவர் சரி என்று சொல்லும் வரை பெட்டியைப் பிரித்துப் பார்க்க மட்டும் செய்.

கேமராவில் இருக்கும் சின்ன மெமரி அட்டையில் அந்தப் பழைய டேப்பை ஏற்றியிருக்கிறேன். காக்கை இல்லாமல்.

பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். இனி உன்னிடமிருந்து ஒவ்வொரு வீடியோ வரும்போதும் முதலில் மரம் வருகிறதா என்றுதான் தேடுவேன். நீ விழக் கூடாது, அதுதான் என் வேண்டுதல். ஆனால் விழுந்தால் மரத்தைக் காட்டாதே. நிறுத்தாதே. எழுந்து நிற்கும் வரை அது ஓடட்டும், அப்படியே அனுப்பு. நான் இங்கிருந்து ஓடி வந்துகொண்டேதான் இருப்பேன். என் செருப்புச் சத்தம் உனக்குக் கேட்காது. நான் வந்து சேர்வதற்குள் நீ எழுந்துவிடு, கண்ணு.

உன் பயந்தாங்கொள்ளி
அப்பா