அறை காலியாக இல்லை

அன்புள்ள சிட்டுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே 'நலமறிய ஆவல்' என்று எழுதக் கை வரவில்லை. அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

தோழியின் போனிலிருந்து நீ பேசியதில் பாதி அழுகை, பாதி இரைச்சல். ஆனாலும் மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லேப்டாப் போயிற்று, பக்கத்தில் சார்ஜில் கிடந்த செல்போன் போயிற்று, பரீட்சைக்கென்று எழுதி வைத்ததெல்லாம் அதோடு போயிற்று. போகட்டும், நீ பத்திரமாக இருக்கிறாயே. விடுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்துப் பல்கலைக்கழகமே இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது என்றாய் பார், அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இன்சூரன்ஸ் விஷயத்தில் உன் மாமாவை ஒருவரும் அசைக்க முடியாது. எங்கள் மேஜை நாற்காலிக் கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்தபோது வந்த அதிகாரி, என்னிடம் சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்தே போட்டார். முதலாளி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

நான் தாளில் எழுத, கிடங்குக் கணக்குப்பிள்ளை அதைப் படம் பிடித்து உன் மெயிலுக்கு அனுப்புகிறான். அவன்தான், மூக்கின் நுனியில் சறுக்கிக்கொண்டே நிற்குமே, அந்தக் 'கண்ணாடி'. நூலகத்துக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள். அனுப்புகிற சாக்கில் அவன் படிக்கவும் படிக்கிறான். படிக்கட்டும், அவனுக்கும் நாலு நல்ல வார்த்தை தெரிய வேண்டாமா.

இப்போது முக்கியமான சங்கதி. உன் இன்சூரன்ஸ் கம்பெனி எனக்கே எழுதியிருக்கிறது! திருட்டு நடந்த நேரத்தில் நான் வீடியோ காலில் உன் லேப்டாப் திரையில் இருந்ததாக நீ சொன்னாயாம். கண்டதை எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனை, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று கூப்பிட்டு, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று ஒரு கம்பெனி கேட்கிறது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தாள் தாளாக எழுதித் தள்ளிவிட்டேன்.

நீ கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாய் என்று எழுதினேன். திருடன் கடப்பாறையால் கதவைப் பெயர்த்தான் என்று எழுதினேன். ஆறடி உயரம், கன்னத்தில் தழும்பு. நான் இங்கிருந்து போட்ட ஒரே அதட்டலில் அவன் வெலவெலத்துப்போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான் என்றும் எழுதினேன். அவர்கள் பாஷையில் மாற்றித் தட்டிக்கொண்டே வந்த கண்ணாடி சொல்கிறான்: "அண்ணே, நேத்து சொல்றப்ப திருடன் உங்க தோளுக்குத்தான் இருந்தான். இன்னிக்கு ஆறடி ஆயிட்டான். கடிதம் முடியறதுக்குள்ள கூரையில தலைய இடிச்சுக்கப் போறான், பாத்து." நீ தட்டுற வேலைய மட்டும் பாருடா என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

நீயே சொல். கதவைத் திறந்து போட்டுவிட்டு எதிரே இருக்கிற பொது அடுக்களைக்குத் தேநீர் போடப் போனாள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பேனா? நான் தூக்கி வளர்த்த பிள்ளையை எவனோ ஒரு கம்பெனிக்காரன் பொறுப்பில்லாதவள் என்று சொல்வதா?

கவலையே படாதே. புது லேப்டாப் சீக்கிரம் வந்துவிடும். முன்போலவே சாயங்காலம் அதை மேஜை ஓரத்தில் கதவைப் பார்க்க வைத்துவிட்டு நீ படி, நான் இங்கே என் சாப்பாட்டைப் பார்க்கிறேன். பேச வேண்டும் என்றெல்லாம் இல்லை. உங்கள் வராந்தாவில் போகிற பிள்ளைகள் கை காட்டுவார்களே, அது போதும். அந்தச் சுருட்டைமுடிப் பையன் இன்னும் என்னை "மாமா, மாமா" என்று கேட்கிறானா?

என்னைப் பற்றி நினைக்காதே. வீட்டில் ஆள் வந்தபடியே இருக்கிறது, நாற்காலி போதவில்லை. எனக்குத்தான் பழக்கதோஷம், போனை இன்னும் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

நல்ல சேதியை எதிர்பார்க்கும்,
உன் மாமா.


அன்புள்ள சிட்டுக்கு,

மாமாதான். பதில் காணோம். நூலகத்தில் பேசக் கூடாது என்று போர்டு இருக்கும். அதனால்தான் எழுதவும் இல்லை போலிருக்கிறது.

உன் அம்மா போன் செய்தாள். செய்தாள் என்ன, காதைப் பிய்த்து எடுத்துவிட்டாள். "டேய், உன்னை யாருடா கடப்பாறை எல்லாம் கேட்டா? அவ பாட்டுக்கு உண்மையச் சொல்லியிருந்தா காரியம் முடிஞ்சிருக்கும். நீ பூந்து கெடுத்துட்டே!" என்கிறாள். எனக்கு அக்கா, திட்ட உரிமை இருக்கிறது, கேட்டுக்கொண்டேன்.

அவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. கம்பெனி ஆள் வந்து உன் கதவைத் தடவிப் பார்த்தானாம், ஒரு கீறல்கூட இல்லையாம். நீ எதிர் அடுக்களையில் இருந்தேன் என்கிறாய், மாமா கடைக்குப் போனாள் என்கிறார், இதில் எது புளுகு என்று கேட்கிறார்களாம். நீ விடுதிக்குள்ளேயே, அடுக்களையிலோ எங்கேயோ இருந்திருந்தால் பூட்டாத கதவானாலும் இழப்பீடு உண்டு. வெளியே போயிருந்தால் பூட்டி, அந்தப் பூட்டு உடைபட்டிருக்க வேண்டும். இதுதான் அவர்கள் விதியாம். இது எனக்கு முன்னாலேயே தெரியும், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

இழப்பீட்டை நிறுத்தி வைத்தது போதாதென்று, பொய்க் கணக்குக் காட்டப் பார்த்தாய் என்று விடுதி அலுவலகம் உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறதாமே? குற்றம் என்று முடிவானால் அறையையும் காலி செய்யச் சொல்வார்களாமே? அக்கா இதை மட்டும் திட்டாமல் சொன்னாள். நான் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இருந்தாலும் விட்டுக்கொடுக்காதே. கதவுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். நான் நேரில் வந்தால் அந்த அலுவலகமே எழுந்து நிற்கும், விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, அதுதான் யோசிக்கிறேன். இன்னொன்று. அவர்கள் காகிதத்தில் 'ஆளில்லாத அறை' என்று போட்டிருக்கிறார்களாம். அதெப்படி ஆளில்லாத அறை? நான் இருந்தேனே. இதைக் கண்ணாடியிடம் கேட்டேன். எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவன், இதற்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாமா.


அன்புள்ள சிட்டுக்கு,

உன் கடிதம் வந்தது. கண்ணாடி அச்செடுத்துக் கொடுத்தான். "மாமா, நீங்க பாத்ததை மட்டும் எழுதுங்க. எனக்காக எதையும் சேர்க்க வேண்டாம். விசாரணை வெள்ளிக்கிழமை." இவ்வளவுதான் இருந்தது. கீழே உன் பெயர்கூடப் போடவில்லை. அவசரமாக இருந்திருக்கும்.

மத்தியானம் கிடங்கில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்கண்ணே" என்றான். அன்று வானம் இருண்டு கிடந்தது என்று ஆரம்பித்தேன். அவன் விரலை எடுத்துவிட்டு என்னையே பார்த்தான். திருடனுக்குத் தொப்பி இருந்தது என்றேன். மறுபடியும் விரலை எடுத்துவிட்டான். சுமை ஏற்றுகிற எந்த நாளிலும் எனக்கு இப்படி வியர்த்ததில்லை சிட்டு. பெரிய அலமாரியைத் தனி ஆளாகப் படியேற்றியவன் நான். (அது நிஜம். சரி, கயிறு பிடிக்க இன்னொருத்தன் இருந்தான்.)

கடைசியில் அவன் தட்டியதை அப்படியே கீழே எழுதுகிறேன். கம்பெனிக்கும் விடுதி அலுவலகத்துக்கும் இதையே அனுப்பிவிட்டோம்.

"ஐயா, நான் முன்பு அனுப்பிய கடிதத்தில் இருப்பது நடந்ததல்ல. என் மருமகள் அப்படி எழுதச் சொல்லவில்லை, அவளுக்கு அது தெரியாது. கடப்பாறை இல்லை. கதவு திறந்திருந்தது. அதை மூட வேண்டாம் என்று தினமும் சொன்னவன் நான்தான். வராந்தாவில் பிள்ளைகள் போகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் எதிரே அடுக்களையில்தான் இருந்தாள். தண்ணீர் கொதிக்கிற சத்தமும், அவள் தோழிகளோடு சிரித்ததும் எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பு நிற்கும் முன்பே ஒரு பையன் உள்ளே வந்தான். அதிக உயரமில்லை. தழும்பு கிடையாது. நான் அதட்டவில்லை. அவளைப் பார்க்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டேன். வாப்பா, உட்காரு, இப்ப வந்துடுவா என்று சொன்னேன். சாப்டியா என்றும் கேட்டேன். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு திரையை மெதுவாக மூடினான். அவன் திருடன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வாசலில் ஒருவர் வந்து நின்றால் வா என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். இவ்வளவுதான் நான் பார்த்தது."

கண்ணாடி இதைத் தட்டி முடித்துவிட்டு, எதையாவது சேர்க்கணுமாண்ணே என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சாயங்காலம் கிடங்கைச் சாத்தும்போது, ராத்திரி தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னான். நமக்கு நேரம் எங்கே இருக்கிறது, வரிசையாக ஆள் வந்துகொண்டே இருப்பார்களே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இன்னொரு நாள் வர்றேன்டா என்றேன். நீ கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டுமே என்று கிளம்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பயப்படாமல் போ. நீ ஒரு எழுத்துக்கூடப் பொய் சொல்லவில்லை. என்னைப் பற்றிக் கேட்டால், அவர் அப்படித்தான், வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டவரில்லை என்று சொல். எனக்கு வருத்தமில்லை.

புது லேப்டாப் கையில் வந்ததும் முதல் வேலையாகக் கதவைத் தாழ்ப்பாள் போடு. யார் தட்டினாலும் குரல் கேட்டுவிட்டுத் திற. வராந்தா சத்தம் எனக்கு வேண்டாம். கதவு மூடியே இருக்கட்டும், திரையில் சுவர் தெரிந்தால்கூடப் போதும். கோபம் ஆறின பிறகு கூப்பிடு, அவசரமில்லை. நான் எங்கே போகப் போகிறேன், சாயங்காலமானால் கூஜாவுக்கு எதிரில்தான் இருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வாசல்தோறும் உனக்கு வா என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

உன் மாமா.