அம்மனுக்குத் தெரியாமலா?

அக்கா,

எதிர் வீட்டுக்காரி இன்று காலை ஒரு தட்டில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் கொண்டுவந்து, மகள் விஷயமாகப் பூக்கட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள் என்றாள். எனக்குக் கை ஓடவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அதே வாரம் போளூரிலிருந்து பெண் பார்க்கவும் வந்துவிட்டார்கள். அப்பாவால் எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியவில்லை. அம்மனே சொல்லட்டும் என்று தறியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். வாழை இலையில் பூவை மடித்து, கழிவுப் பட்டு நூலால் கட்டியது நீ. சந்நிதியில் எடுத்தது நான். வெள்ளை வந்தது. அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நீ அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டாய்.

விடுதியில் முதல் வருடம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். திரும்பி வந்துவிடலாம் என்று அழுத நாள்களில்கூட, அம்மனே அனுப்பியது, நான் மாற்றலாமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஏழெட்டு வருடம் போனது. நான் சந்தவாசல் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய்.

"ரெண்டுலயும் வெள்ளதான்டி வெச்சேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தெய்வ வாக்கு என்று இத்தனை வருடம் நம்பியது உன் கைவேலையா? அம்மனையே ஏமாற்றிவிட்டாயே என்று கத்தினேன். நீ ராட்டையை நிறுத்தக்கூட இல்லை.

"நான் இன்னா வெப்பேன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சிகினுதான உக்காந்துகினு இருந்தா."

நான் விடுவேனா? படித்த திமிர் வேறு. அவளுக்கு முன்பே தெரியும் என்றால் உன்னால் வேறு மாதிரி கட்டியிருக்கவே முடியாது, அப்புறம் உனக்கு ஏது பாவம், ஏது புண்ணியம் என்று மடக்கினேன். நீ மசியவில்லை.

"தெரிஞ்சிருக்கறது வேற, செய்ய வெக்கறது வேற. கட்டனது நானு. தப்புன்னா எனக்குத்தான் வரும்."

அப்புறம்தான் அதைக் கேட்டேன். உன் கல்யாணத்துக்கும் பூப் பார்த்தார்களே, அதை யார் கட்டியது? அதுவும் நீதானாம். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று ஒழுங்காகவே கட்டினாயாம். அந்த ஆளிடம் அடி தாங்காமல் இரண்டே வருடத்தில், எனக்குப் பூப் பார்ப்பதற்கு முன்பே, நீ திரும்பி வந்தது ஊரறிந்த கதை. உனக்கு மட்டும் ஏன் அப்படி விட்டாய் என்றேன்.

"எனக்குன்னு செய்ய பயமா இருந்துச்சி. அவளே சொல்லட்டும்னு உட்டுட்டேன்."

அம்மனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நான் டீச்சரானது அவள் எழுதிவைத்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை. என் அக்கா செய்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீ கண்மூடும்வரை உன்னிடம் சொல்லவில்லை. நீ உன் கல்யாணத்துக்குப் பூக்கட்டிய அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். உனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா நின்றேன்.