மாமியார் வேஷம் மாறிய நோட்டீஸ்

பட்டாபிராம்
3-2-1944

தம்பி செங்கல்வராயனுக்கு ஜம்புலிங்கம் எழுதிக்கொண்டது. நீயும் சபாவில் உள்ளவர்களும் சுகமாக இருங்கள். என் சுகத்தை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்டேஷன் சுவரில் இந்தச் சனிக்கிழமை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பூந்தமல்லிக் கொட்டகையில் வழக்கம்போல ஒரே ராத்திரியில் ஆறு காமிக், ஆறு சின்னச் சிரிப்பு நாடகம். மருமகனாக நீ. மாமியாராக வரலட்சுமி. என் பெயர் கடைசி வரியில், சேவகன் என்று. வாய் திறக்காத சேவகன்! நான் பள்ளிக்கூடம் போகாதவன். நாடக நோட்டீஸைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். என் பெயர் எந்த வரியில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக நீ மருமகன், நான் மாமியார். சீசன் பாதியில் வேஷத்தை மாற்றுகிறவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

இந்த சீசனில் ஒருவருக்கும் வாயைத் திறந்து வசனம் பேச வரவில்லை. எல்லாம் முணுமுணுப்பு. ஜனங்களும் முன்போலச் சிரிப்பதில்லை. பழி மட்டும் என் மேல்.

சேவகனுக்கு வேறு ஆள் பார். மாமியார் வேஷம் தருவதானால் நீயே நேரில் வந்து கூப்பிடு.

ஜம்புலிங்கம்


பூந்தமல்லி
7-2-1944

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

கார்டு கிடைத்தது. எட்டு மைல் தள்ளி இருந்துகொண்டு தபாலில் சண்டை போடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

ஜனங்கள் சிரிக்கிறார்கள், அண்ணா. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த வசனத்தைச் சொல்லிவிடுகிறீர்கள். பொங்கலன்று, "அத்தே, ஊட்ல சோறு கீதா?" என்று நான் கேட்பதற்கு முன்பே, "பூனை துன்னுட்ச்சி" என்றீர்கள். முன்வரிசையில் ஒருத்தன், "இன்னா மாமே, கேள்வி இனிமேதான் வருமா?" என்று கத்தினான். கொட்டகையே அதிர்ந்தது, நம் வசனத்துக்கு அல்ல.

உங்களுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராமல் நோட்டீஸில் அச்சடித்துவிட்டேன். அது என் தப்பு. வசனம் இல்லாத வேஷமானால் என் பக்கத்திலேயே நிற்பீர்கள் என்றுதான் செய்தேன். வரலட்சுமியும், "அண்ணாத்தே இல்லாம எனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்கிறாள். கோபத்தை விட்டு வாருங்கள்.

தங்கள் தம்பி
செங்கல்வராயன்


பூந்தமல்லி
18-2-1944

அண்ணனுக்கு,

பதிலே இல்லாததால் நேற்று நீங்கள் சொன்னபடி நேரிலேயே வந்தேன். கதவு திறந்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தீர்கள். வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. எதிர்வீட்டுப் பூங்காவனம் வெளியே வந்து, "உடுப்பா. யாரு கூப்ட்டாலும் அப்டித்தான். அவ்ளோ ராங்கி அந்தாளுக்கு" என்றாள். தெருவே பார்க்க, வந்த வழியே திரும்பினேன்.

மாமியார் வேஷம் உங்களுக்கே என்று சொல்லத்தான் வந்தேன். வரலட்சுமியும் சம்மதித்திருந்தாள். இனிக் கூப்பிடமாட்டேன். பங்குனியில் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு திருவள்ளூர் போகிறோம்.

செங்கல்வராயன்


பட்டாபிராம்
21-2-1944

தம்பி செங்கல்வராயனுக்கு,

நீ வந்தது உன் கார்டைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டது என் காதில் விழவில்லை. பூங்காவனம் கூப்பிட்டதும் விழுந்ததில்லை. போன ஐப்பசியிலிருந்து இப்படி.

எனக்கு மறதி இல்லை. பதினெட்டு வருஷத்து வசனமும் ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. உன் உதட்டைப் பார்த்துப் பேசிவந்தேன். இந்த சீசனில் நீ பெரிய மீசை ஒட்டிக்கொண்டாய், அதுவும் போயிற்று.

ஏன் சொல்லவில்லை என்பாய். செவிட்டுச் சம்பந்தி வேஷம் கட்டி ஊர் ஊராகச் சிரிக்க வைத்தவன் நான். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வேஷம் கட்டாதபோது அது என் மேல் விழ வேண்டாம்.

சனிக்கிழமை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். வரலட்சுமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நிற்கிறாள். எப்போது அடங்கியது என்று அவளுக்குத் தெரிகிறது. மாமியார் அவளிடமே இருக்கட்டும்.

சேவகன் இப்போதும் வேண்டாம். சொல்லாமல் வேஷம் மாற்றிய கோபமும் குறையவில்லை.

மிலிட்டரி சரக்கு ரயில் போகும்போது தரை அதிர்கிறது. சத்தம் என்று இந்த வீட்டுக்கு இப்போது வருவது அது ஒன்றுதான்.

திருவள்ளூர் போவதற்குள் ஒரு நாள் வா. வாசலில் நின்று கூப்பிடாதே. நேரே உள்ளே வந்து என் கண்ணுக்கு முன்னால் உட்கார்.

ஜம்புலிங்கம்