முகம் தெரியாது

மட்டக்களப்பு,
2007 ஏப்ரல் 19

அன்புள்ள தம்பி வினாயகமூர்த்திக்கு,

அக்கா எழுதுவது. நீ கொழும்பில் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன். ஷெல் விழத் தொடங்கியதும் வட்டையில் வெட்டிய நெல்லை அப்படியே விட்டுவிட்டு, வவுணதீவிலிருந்து வாவியைத் தாண்டி வந்தோம். இப்போது பள்ளிக்கூட வளவில் கூடாரத்தில் இருக்கிறோம். அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

கோகிலவாணியைக் கொண்டுபோய்விட்டார்கள் மனே. தண்ணீர் எடுக்கப் போனவளை, இயக்கத்தைவிட்டுப் பிரிந்த ஆட்கள் துவக்கோடு வந்து வான் வண்டியில் ஏற்றினார்கள். பதினாறு வயதுப் பிள்ளை. தினமும் அவர்களுடைய முகாம் வாசலில் போய் நிற்கிறேன். காவலுக்கு நிற்பவன், "பயிற்சி முடிய வருவா, போங்கக்கா" என்கிறான். நேற்றுத் தூரத்தில் கண்டேன். தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

கடைப் போனில் கதைக்கப் பயம். பின்னால் நிற்பவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். நீ ரீவியில் இருக்கிறாய், பெரிய ஆட்களைத் தெரியும். ஏதாவது செய்.

உன் அக்கா,
இராசாத்தி


கொழும்பு,
2007 ஏப்ரல் 26

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை. அழாதீர்கள், வழி இருக்கிறது.

எங்கள் தொலைக்காட்சி அரசாங்கத்துடையதும் இல்லை, எந்த இயக்கத்துடையதும் இல்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் செய்தி போகிறது. தமிழில் மட்டும் சொன்னால் நாமே சொல்லி நாமே அழ வேண்டியதுதான். மூன்றிலும் போனால் தூதரகங்கள் கேள்வி கேட்கும். அவர்கள் பிள்ளையை விட்டே ஆக வேண்டும்.

காத்தான்குடியில் எங்கள் செய்தியாளர் மர்சூக் இருக்கிறார். கமெராவோடு வருவார். நடந்ததைச் சொல்லுங்கள். முகம் தெரியாது, பெயர் வராது. உங்கள் பேச்சைச் சிங்களத்தில் எழுதப்போவதே நான்தான். தம்பி இருக்கும்போது என்ன பயம்?

அன்புடன்,
மூர்த்தி


மட்டக்களப்பு,
2007 மே 7

அன்புள்ள தம்பிக்கு,

மர்சூக் வந்தார். நல்ல பிள்ளை. கமெராவை வெளியே எடுக்காமல், "யோசிச்சுக் கதைங்க அக்கா. விருப்பமில்லாட்டி நான் போறன்" என்றார். "என்ட தம்பி சொன்னவன், நீங்க எடுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஆனால் இன்று காலை முகாம் வாசலில் வேறு கதை. வயது குறைந்த பிள்ளைகள் நாலைந்து பேரை மாதக் கடைசியில் விடப்போகிறார்களாம். "ஒங்கட மகளும் அதுக்குள்ள இருக்கா. வாயத் தொறக்காம இருங்க" என்றான் காவல்காரன். ஆகையால் அதை இப்போது போட வேண்டாம். அவள் வீட்டுக்கு வந்த பிறகு என்னவென்றாலும் செய். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


கொழும்பு,
2007 மே 15

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் பேட்டி நேற்றுப் போனது. தொலைபேசி ஓயவில்லை. சிங்களப் பெண்கள்கூட எடுத்து அழுதார்கள். செய்தி ஆசிரியர் எல்லார் முன்னிலும் என் தோளைத் தட்டினார்.

நீங்கள் நிறுத்தச் சொன்ன கடிதம் நேற்றுக் காலையில்தான் கிடைத்தது. பேட்டி வரும் என்று விளம்பரம் போய்விட்டது, இனி நிறுத்த முடியாது என்றார்கள். நானும் மேலே பேசவில்லை. வாசலில் நிற்கும் ஒருவனின் வாயை நம்பி இதை விட முடியுமா அக்கா?

தமிழில் முகத்தை மறைத்தோம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மறைக்கவில்லை. முகம் இல்லாமல் சனம் நம்பாது என்றார்கள். அங்கே யார் சிங்களச் செய்தி பார்க்கப்போகிறார்கள்? தைரியமாக இருங்கள்.

மூர்த்தி


மட்டக்களப்பு,
2007 ஜூன் 3

தம்பிக்கு,

இரண்டு பேர் கூடாரத்துக்கு வந்தார்கள். பாயில் இருக்கச் சொன்னேன், இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே, "நல்லாச் சிங்களம் கதைக்கிறீங்க அக்கா. எப்ப படிச்சீங்க?" என்று கேட்டான்.

"அது என்ட குரலில்ல தம்பி. வேற ஆரோ பேசினது."

"முகம் ஒங்கடதானே?"

அவர்கள் குடித்த செம்பை நான் எடுத்து வைத்தேன்.

"புள்ளய விடத்தான் இருந்தம். இனி அவ இஞ்ச இல்ல" என்று சொல்லி எழும்பிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மற்றப் பிள்ளைகளை விட்டார்கள். பக்கத்துக் கூடாரத்துக் கந்தப்போடியின் மகளும் வந்துவிட்டாள். "வாணிய மட்டும் தனியாக் காட்டுப் பக்கம் ஏத்தினாங்க மாமி. சண்ட நடக்கிற இடத்துக்காம்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இனி ஒன்றும் செய்யாதே. யாரிடமும் ஒரு சொல் பேசாதே.

அக்கா


கொழும்பு,
2007 ஜூலை 9

பாசமுள்ள அக்காவுக்கு,

வாணியின் சவப்பெட்டியைத் திறக்கவே விடவில்லை என்று கேள்விப்பட்டேன். என்ன எழுதுவது? விதி. விடுப்புக் கிடைக்காததால் சாவீட்டுக்கு வர முடியவில்லை.

ஒரு விஷயம். ஆங்கிலப் பகுதியினர் உங்கள் பேட்டியை வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு ஒரு முடிவு வேண்டுமாம். பிள்ளையின் படத்தோடு நீங்கள் இருப்பதுபோல் கொஞ்ச நேரம் எடுத்தால் போதும். மர்சூக் மறுத்து வேலையையும் விட்டுவிட்டார், அதனால் இங்கிருந்து ஆட்கள் முப்பத்தோராம் நாளுக்கு வருவார்கள். இந்த முறை உங்கள் சம்மதம் கேட்டுத்தான் எல்லாம். அவள் சாவு வீணாகக் கூடாது அக்கா.

மூர்த்தி


மட்டக்களப்பு,
2007 ஜூலை 20

வினாயகமூர்த்திக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே உன் ஆட்கள் வந்துவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் படையலுக்கு இலை போடும்போது முகத்தில் வெளிச்சம் அடித்தார்கள். "படத்தக் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க அம்மா" என்றார்கள். பிடித்தேன். அழுதாலும் பரவாயில்லை என்றார்கள். அழுகை வரவில்லை.

கடைசியில் ஒருவன், "பிள்ளையின் மாமா எங்கள் சனலில்தானே இருக்கிறார்? அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டான். கமெராவைப் பார்த்துச் சொன்னேன்:

"அவளுக்கு மாமன் இல்ல. எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. என்ட புள்ளயக் குடுத்துப் பேர் வாங்கினவன் ஒருத்தன் கொழும்பில இருக்கான்."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இதை மூன்று மொழியிலும் போட்டால்தான் எடுத்த மற்றதையும் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சிங்களத்தில் எழுதுவது நீதானே. ஒரு சொல்லும் விடாமல் எழுது.

கோகிலவாணியின் தாய்